நமது கதைகளில் சித்தங் கலங்கியோர்

நமது இலக்கியத்திலும், கூத்திலும், இன்று அவ்விரண்டையும் விழுங்கி நிற்கும் சினிமாவிலும் பித்தனுக்குப் பஞ்சமில்லை. கந்தல் உடுத்தவனாகவும், சடை வளர்த்தவனாகவும், தனியே சிரிப்பவனாகவும், சங்கிலியிற் கட்டுண்டவனாகவும் அவன் வருகிறான். கண்ட மாத்திரத்தில் அவன் இன்னான் என்று நாம் தெரிந்து கொள்கிறோம். சிலர் நகைக்கிறோம், சிலர் கண்ணீர் விடுகிறோம். ஆனால் அந்நிலையை அடைவதற்கு முன்பு, பதினைந்து பதினாறு வயதில், வீட்டின் ஒரு மூலையிற் சோற்றுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தானே ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையை நமது கதைகளில் எங்கே கண்டோம்? இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி இஃதொன்றே.

கதை வேறு, வைத்தியம் வேறு. இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர் என்று அன்பர்கள் கேட்கலாம். நாம் தோட்டத்துக் கிராணி. வைத்தியம் நமக்குத் தெரியாது. ஆயினும் தோட்டத்து மக்கள் ஒரு நோயை எதைக் கொண்டு அறிகிறார்கள் என்பது தெரியும். காய்ச்சலை நெற்றியைத் தொட்டு அறிகிறார்கள். அம்மையை முகத்தைப் பார்த்து அறிகிறார்கள். மனத்தின் நோய்க்குத் தொட்டறியும் இடம் ஏதும் இல்லை. ஆகவே, பார்த்த கூத்தையும் கேட்ட கதையையும் ஓடிய படத்தையுமே அளவுகோலாக வைத்துக் கொள்ளுகிறார்கள். அந்த அளவுகோல் சங்கிலியில் தொடங்குமாயின், சங்கிலி வரும்வரையில் வீட்டார் காத்திருப்பார்கள் என்பதில் என்ன வியப்பு?

பழையதிலிருந்தே தொடங்குவோம். மணிமேகலைக் காப்பியத்தில் மலர்வனம் புக்க காதையில் ஒரு காட்சி உண்டு. மணிமேகலை மலர் கொய்வதற்குச் சுதமதியோடு புகார் நகரத்து வீதி வழியே செல்கிறாள். அவ்வீதியில் வேடிக்கைகள் பல. கள்ளுண்டவன் ஒருவன் சமணத் துறவியை வம்புக்கு இழுக்கிறான். பேடிக்கூத்து ஒரு பக்கம் நடக்கிறது. அவற்றிற்கு நடுவே, அலரியும் எருக்கும் மாலையாக அணிந்து, கந்தலும் சுள்ளியும் உடையாகக் கட்டி, மேனி முழுதும் சாம்பல் பூசிய ஒருவன் அழுகிறான், விழுகிறான், எழுகிறான், ஓடுகிறான், ஓரிடத்தில் ஒதுங்கி நெடுநேரம் நிற்கிறான், தன் நிழலோடு தானே சண்டையிடுகிறான். இவ்வளவு நுட்பமாக ஒரு சித்தப்பிரமை கொண்டவனைப் பார்த்தெழுதிய புலவர் வேறெங்கும் உளரோ என்று நாம் ஐயுறுகிறோம். ஒதுங்கி நிற்பதையும் ஓடுவதையும் ஒருங்கே கண்ட கண் சாத்தனாருடைய கண்.

அவனைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கிறது. அக்கூட்டத்தார் கல் எறிபவர் அல்லர். அவன் துன்பத்தைக் கண்டு வருந்துகிறார்கள். வருந்திக்கொண்டே நிற்கிறார்கள். காப்பியம் அவ்விடத்தைக் கடந்து போய்விடுகிறது. பசியைப் பிணி என்று சொல்லி, அப்பிணிக்கு அமுதசுரபியை மருந்தாகத் தந்த காப்பியம் அது. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றிய காப்பியம் அது. அத்துணை இரக்கம் படைத்த நூலிலும், நிழலோடு போரிட்டவனுக்கு ஒரு தாய் இல்லை, ஓர் ஊர் இல்லை, நேற்று அவன் எப்படி இருந்தான் என்ற ஒரு சொல் இல்லை. வீதியிற் கிடைத்த வேடிக்கைகளுள் அவனும் ஒருவனாக நின்றுவிட்டான். சாத்தனாரைக் குறை கூறுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. அந்தக் காலத்து வைத்தியம் அவ்வளவே. வருந்திக்கொண்டு நிற்கும் அக்கூட்டத்தின் பரம்பரை இன்னும் கலையவில்லையே என்பதுதான் நமது வருத்தம்.

இனிப் படங்களுக்கு வருவோம். பாலா இயக்கி 1999-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சேது’வைப் பார்த்து அழாத தமிழர் குறைவு. கல்லூரியில் முரடனாகத் திரிந்த வாலிபன் ஒருவன் காதலிற் கனிகின்ற வேளையில், பகைவர் தலையில் அடித்துவிட, அறிவு கலங்கி, பாண்டிமடம் என்னும் இடத்திற்குக் கொண்டு செல்லப்படுகிறான். அங்கே சங்கிலி, அழுக்கு, அடி. அம்மடத்தை அஞ்சாது காட்டியதற்காக அப்படத்தைப் பாராட்ட வேண்டும். அது வெளிவந்து இரண்டாண்டு நிறைவதற்குள், 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றி, சங்கிலியிற் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் மாண்டனர். படம் பொய் சொல்லவில்லை என்பதற்கு அத்தீயே சாட்சி. ஆனால் நோய் வந்த வழியைக் கவனியுங்கள். ஒரே அடி, மறு காட்சியிற் பித்து. நேற்று வரையில் முழு மனிதன், இன்று முற்றும் கலங்கியவன். இடையில் ஒன்றுமில்லை. மூளையில் அடிபட்டவர்க்கு அப்படி நேரலாம். வாலிபப் பருவத்தில் வரும் மனநோய்களிற் பெரும்பாலானவை அடியிலும் இடியிலும் வருபவை அல்ல. மழைக்காலத்துச் சுவரில் ஈரம் ஏறுவதுபோல, மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி வருகின்றன. படம் பார்த்தவர்கள் அடியை எதிர்பார்த்திருக்கிறார்கள். ஈரத்தைப் பார்ப்பதில்லை.

‘சந்திரமுகி’யைப் பற்றி நீட்டி எழுத மனம் வரவில்லை. 2005-ஆம் ஆண்டில் வந்த அப்படத்தின் நாயகன் அமெரிக்காவிலிருந்து வந்த மனநோய் வைத்தியன். வைத்தியன் வந்துவிட்டானே என்று மகிழ்ந்தோம். கடைசியில் அவனும் பூசாரியையும் பொம்மையையும் வைத்துக்கொண்டு பேயோட்டும் கூத்தைத்தான் நடத்துகிறான். கொட்டகை அதிர்ந்தது. ‘பார்த்தீரா, படித்த டாக்டரே இதைத்தான் செய்தார்’ என்று நம் தோட்டத்துச் சாமியாடி ஒருவர் நம்மிடமே சொன்னார். நாம் வாயடைத்து நின்றோம்.

2012-ஆம் ஆண்டில் ஐசுவரியா இயக்கி, தனுஷ் நடித்து வந்த ‘மூன்று’ என்னும் படம் இவையனைத்தினும் நமது கேள்விக்கு அருகில் வருகிறது. அதன் பாட்டொன்று முந்திய ஆண்டிலேயே கடல் கடந்து ஓடிற்று. நம் லயத்துக் குழந்தைகளும் பாடினார்கள். பாட்டை அறிந்தவர் பலர். அப்படத்தின் நோயை நினைவில் வைத்திருப்பவர் சிலரே. பள்ளிப் பருவத்தில் தொடங்கிய காதல் மணத்தில் முடிகிறது. பிறகு அந்த வாலிபனை இருதுருவ மனநோய் பற்றிக்கொள்ளுகிறது. அதாவது, மனம் சில காலம் அளவு கடந்து எழும்பியும் சில காலம் அடியோடு தாழ்ந்தும் போகும் நோய். பேயென்றும் செய்வினையென்றும் சொல்லாமல் நோயை நோயென்றே சொன்னது அப்படம். தோழன் ஒருவன் மாற்றத்தைக் கண்டு வைத்தியரிடம் கூட்டிச் செல்கிறான். இவையெல்லாம் தமிழ்ச் சினிமாவில் அருமையானவை. நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆயினும் அதன்பின் நடப்பதென்ன? மனைவிக்குத் தெரியக்கூடாது என்று அவன் வாக்கு வாங்குகிறான். தோழன் வாக்குக் கொடுக்கிறான். பெற்றோருக்கும் தெரியாது. அந்த மறைப்பைப் படம் தியாகமாகக் காட்டுகிறது. காதலின் உச்சியாகவே காட்டுகிறது. வைத்தியர் உண்டு, மருந்து உண்டு, செல்வம் உண்டு, அன்பு உண்டு. இல்லாதது ஒன்றே, வீட்டில் வாய்திறந்து சொல்லுதல். அது இல்லாமையால் அவன் தன் உயிரைத் தானே மாய்த்துக் கொள்ளுகிறான். எவ்வாறு என்பதை நாம் எழுதப் போவதில்லை. படம் அதை அவ்வளவு நெருங்கிக் காட்டியிருக்கவும் வேண்டியதில்லை. அந்நோயோடு மருந்துண்டு, வேலை செய்து, பிள்ளை வளர்த்து வாழ்பவர் உலகெங்கும் உளர். சாவுதான் அதன் இயல்பான முடிவு என்று எண்ணிக்கொண்டு ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை கொட்டகையை விட்டு வெளியேறினால் அப்பழி யாரைச் சேரும்? ‘சொன்னால் அவள் தாங்கமாட்டாள்’ என்ற ஒரு பொய்யின்மேல் எழுப்பிய கதை அது. அப்பொய்யைப் படம் ஓரிடத்திலேனும் உரைத்துப் பார்க்கவில்லை என்பது நமது குற்றச்சாட்டு.

இங்கே நமது சொந்தக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும்; பிறர் கதையைக் குறை கூறுபவன் தன் கதையை ஒளித்தல் முறையன்று.

ஏழாண்டுகளுக்கு முன், நாம் வேலை பார்த்த செம்பனைத் தோட்டத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு வந்தான். சுறுசுறுப்பானவன், மாலையிற் பந்தாட்டத்தில் முதலாளாக நிற்பான். நான்கைந்து மாதம் கழிந்தபின் செக்ரோலில் அவன் பெயருக்கு நேரே ஓட்டைகள் விழத் தொடங்கின. ஒரு மாதத்தில் இரண்டு நாள்; அடுத்த மாதம் ஐந்து; அதற்கடுத்த மாதம் பதினொன்று. ‘வரவில்லை’ என்று நம் கையாலேயே எழுதினோம், கூலியைக் கழித்தோம். பந்தாட்டத்திற்கும் அவன் வருவதில்லை என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இரவில் விழித்திருந்து பகலில் உறங்குகிறான் என்றும், குளிப்பதில்லை என்றும், அடுத்த வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகச் சுவரில் காது வைத்துக் கேட்கிறான் என்றும் பின்னர் அறிந்தோம். ஒரு நாள் அவன் தாய் ஆபீசு வாசலில் வந்து நின்று, “புள்ள ஒரு மாதிரியா இருக்கான் ஐயா” என்றாள். மாதக் கடைசி, சம்பளக் கணக்கு முடியவில்லை. “வயசுக் கோளாறு, சரியாய்ப் போகும்” என்று தலை நிமிராமலே விடை கொடுத்தோம்.

ஆங்கிலம் கற்றவர் என்ற பெருமை நமக்கு உண்டு. அந்நோயைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல்களும் நம் அலமாரியில் இருந்தன. எழுத்தறியாத அத்தாய் சொன்ன மூன்று சொல்லில் அடங்கியிருந்த நுட்பம் அந்நூல்களைப் படித்த நமக்கு எட்டவில்லை. ‘ஒரு மாதிரியா இருக்கான்’ என்றால், முன்பு இருந்ததுபோல் இல்லை; எங்கே மாறினான் என்று சொல்லத் தெரியவில்லை; ஆயினும் மாறியது உறுதி என்று பொருள். வைத்தியன் முதன்முதற் கேட்க விரும்புவது அதனையே. நாம் மேற்கொண்டு நான்கு கேள்வி கேட்டிருந்தாற் போதும். எப்போதிருந்து? தூக்கம் எப்படி? யாரோடு பேசுகிறான்? எதற்கு அஞ்சுகிறான்? கேட்கவில்லை. மந்திரிப்பு நடந்தது, கயிறு கட்டினார்கள், வேறோர் ஊரிலிருந்து ஒருவர் வந்து கோழியும் பணமும் கொண்டு போனார். இரண்டாண்டு கழிந்து அவன் அண்டை வீட்டுச் சன்னல்களை உடைத்த இரவில்தான் போலீசார் வந்து மாவட்ட மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றார்கள். அன்றைக்குத் தோட்டமே திரண்டு நின்றது. வருந்திக்கொண்டு நின்றது. நாமும் நின்றோம்.

அந்த இரண்டாண்டின் விலை என்ன என்பதை வைத்தியர்கள் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். சித்தப்பிரமை தொடங்கி வைத்தியம் தொடங்குவதற்குள் கழியும் காலம் நீள நீள, குணமாவது கடினமாகிறது. படிப்பும் வேலையும் நட்பும் ஒவ்வொன்றாக உதிர்ந்து போகின்றன. அமெரிக்காவில் நடந்து 2005-ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்றில், மனநோய்களிற் பாதி 14 வயதிற்குள்ளும், முக்காற் பங்கு 24 வயதிற்குள்ளும் தொடங்கிவிடுவதாகக் கண்டார்கள். மலேசிய அரசாங்கம் 2022-ஆம் ஆண்டில் நடத்திய உடல்நல ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் நால்வருக்கு ஒருவர் மனச்சோர்வின் அறிகுறி உடையவராகவும், ஏறக்குறையப் பதின்மருக்கு ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவராகவும் தெரிய வந்தது. நம் தமிழ்ப் பிள்ளைகள் இக்கணக்கிற்கு வெளியே நிற்பவர்கள் என்று எண்ணுவாருளரோ?

இவ்விடத்தில் நம் மண்ணிலேயே எழுந்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லாமற் போவது பெரும் பிழையாகும். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஜகாட்’ என்னும் படம், தோட்டத்தை விட்டுப் புறம்பாக்கப்பட்ட குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கிய தொண்ணூறுகளின் கதை. மலாய்மொழியில் தீயவன் என்று பொருள்படும் சொல்லை நம்மவர் வாயில் வழங்குமாறே தலைப்பாக வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், பெயர் அப்போய். துடுக்கன், கற்பனை மிக்கவன். படித்து முன்னேற வேண்டும் என்று தந்தை அடிக்கிறார். அன்பில்லாமல் அல்ல, அச்சத்தால் அடிக்கிறார். போதையிற் சிக்கிய சிற்றப்பன் ஒரு பக்கம், குண்டர் கூட்டத்துச் சிற்றப்பன் ஒரு பக்கம். இவர்களுக்கு நடுவே அப்பிள்ளை சிறிது சிறிதாக வேறொருவனாக மாறிவருகிறான்.

அப்படத்தில் மனநோய் என்ற சொல்லே இல்லை. பித்தன் இல்லை, சங்கிலி இல்லை. எனினும் நாம் மேலே கண்டவற்றுள் நமது கேள்விக்கு விடை தரும் படம் அஃதே என்போம். ஏனெனில் அது முடிவிலிருந்து தொடங்கவில்லை. ஒரு பிள்ளையின் முகம் வாரத்திற்கு வாரம் எவ்வாறு இறுகுகிறது, அடி வாங்க வாங்கக் கண் எவ்வாறு உலர்கிறது என்பதைப் பார்ப்பவர் கண்ணெதிரே நிறுத்துகிறது. ஈரம் ஏறுவதைக் காட்டிய படம். குண்டர் கதையென்று அதனை ஒதுக்கிய அன்பர்கள் மீண்டும் ஒரு முறை, அப்போயின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பார்க்க வேண்டுகிறோம். அதற்கும் ஒரு குறை உண்டு: அடிக்கும் தந்தையைக் காட்டிய அளவிற்குப் பெண்பிள்ளைகளைக் காட்டவில்லை. ஆண்பிள்ளையின் கலக்கம் சன்னலை உடைக்கிறது, ஊர் அறிகிறது. பெண்பிள்ளையின் கலக்கம் அடுப்படியில் அமைதியாக அமர்ந்திருக்கிறது; ‘அடக்கமான பெண்’ என்று பேர் வாங்கிக்கொண்டு போகிறது. அவளைப் பற்றிய கதையை எழுதுவார் யார்?

நம்மவர் தயங்குவதற்குக் காரணமும் இல்லாமலில்லை. தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டு பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஏற்பட்ட நாள் முதலாக, அவ்வூரின் பெயரே நம் வாயில் வசையாயிற்று. இன்று அதற்கு இன்பம் என்று பொருள்படும் ‘பஹாகியா’ மருத்துவமனை என்று பெயர். பெயர் மாறியும் வசை மாறவில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை வராது என்ற அச்சம் ஒருபுறம். ஒரு நாள் கூலி போகுமே என்ற அச்சம் மறுபுறம். வைத்தியரோடு பேசுவதற்குத் தாய்க்கு மலாயும் ஆங்கிலமும் போதாது. ‘நெஞ்சு அடைக்குது’, ‘மனசு கெடக்கு’ என்று அவள் சொல்வதை மொழிபெயர்ப்பவர் நெஞ்சு வலி என்று எழுதிவிட்டால் இருதயத்தைச் சோதித்து அனுப்பிவிடுவார்கள். இதனினும் பெரிய ஆபத்து, முளையிலே கண்டறிதல் என்ற பெயரால் முகம் வாடிய பிள்ளைக்கெல்லாம் நோய்ப்பெயர் சூட்டுவது. காதலில் தோற்றவன் பத்து நாள் சோறுண்ணாமலிருப்பது வியாதியன்று. பத்து நாள் பத்து வாரமாகி, அவனுடைய பழைய விருப்பங்கள் ஒவ்வொன்றாக உதிரும்போதுதான் கேட்க வேண்டும்; அப்போதும் பெயர் சூட்டாமற் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு இடமும் இப்போது உண்டு. சிங்கப்பூரில் 2001-ஆம் ஆண்டிலேயே சித்தப்பிரமையைத் தொடக்கத்திற் கண்டு வைத்தியம் செய்யும் திட்டத்தை மனநலக் கழகத்தார் தொடங்கினர். 2007-இல் பள்ளிகளுக்கே சென்று உதவும் குழுவும், 2009-இல் வாலிபர்கள் தாமே நடந்து போய்ப் பேசக்கூடிய நிலையமும் ஏற்பட்டன. மலேசியாவில் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளிப் பதிவுக் கட்டணத்தில் வைத்தியரைக் கண்டு, வேண்டுமாயின் மேலிடத்திற்குச் சீட்டுப் பெறலாம். ‘மெந்தாரி’ என்னும் சமூக மனநல நிலையங்களும் பல ஊர்களில் உள்ளன. உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கிய சட்டத்தைச் சிங்கப்பூர் 2020-ஆம் ஆண்டின் முதல் நாளிலும், மலேசியா 2023-ஆம் ஆண்டிலும் நீக்கிவிட்டன. சட்டமே மனம் மாறிவிட்டது. நம் கதாசிரியர்கள் எங்கிருக்கிறார்கள்?

அவர்களிடம் நாம் பிரசாரக் கதை கேட்கவில்லை. வைத்தியர் ஒருவர் மூன்று பக்கம் உபதேசம் செய்யும் கதையை அச்சிட்டால் படிப்பவர் யார்? ஒரு தாய் ஆபீசு வாசலில் வந்து நின்ற கதையை எழுதட்டும். உள்ளே இருப்பவன் தலை நிமிர்ந்தானா, இல்லையா என்பதை எழுதட்டும்.

சன்னலை உடைத்த அந்தப் பையன் இன்று இருபத்துநான்கு வயது வாலிபர். பட்டணத்தில் அக்காள் வீட்டில் தங்கி, டயர் கடையொன்றில் வேலை செய்கிறார். மாதம் ஒரு முறை ஊசிக்குப் போய் வருகிறார். இழந்த இரண்டாண்டு முழுவதும் திரும்பவில்லை, பந்து விளையாடுவதில்லை, பேச்சும் சற்று மெதுவு. சென்ற தீபாவளிக்கு அவரைக் காணச் சென்றபோது, இக்கட்டுரை எழுதும் எண்ணத்தைச் சொல்லி, ‘மூன்று’ படத்தைப் பற்றிய நம் குற்றச்சாட்டையும் விரித்துரைத்தோம். அந்தத் தோழன் வாக்குக் கொடுத்தது தவறு, வீட்டாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று வாதித்தோம். அவர் டயர்க் கறை படிந்த விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“தப்புத்தான் கிராணி ஐயா,” என்றார். “ஆனா அவனுக்குக் கூடவே டாக்டருகிட்ட போக ஒருத்தன் இருந்தானில்ல.”

நாம் தேநீரைக் குடித்து முடிக்கும் வரையில் அவர் வேறொன்றும் சொல்லவில்லை.